ஊர்நலப் பணியும் அதற்குரிய பயிற்சியும்

நோய் தீர்க்கும் தொழிலுக்கு உறுப்புகள் நான்கு என்று வகுத்தவர் திருவள்ளுவர். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் நோயுற்றவனையும், வைத்தியனையும், மருந்தையும் சொல்லி, நான்காவதாக நோயாளியின் பக்கத்திருந்து பணிபுரிவோனையும் அவர் எண்ணுகின்றார். முதல் மூன்றனையும் பற்றி உலகம் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கின்றது. வைத்தியருக்குக் கலாசாலைகளும் மருந்துக்கு ஆராய்ச்சிச் சாலைகளும் எழுந்தன. நான்காமவனோ பல நூற்றாண்டுகள் பெயரற்றவனாகவே நின்றான். தாயோ, மனைவியோ, அயல்வீட்டுப் பாட்டியோ அவ்விடத்தை நிரப்பினர். அவர்க்குப் பயிற்சி வேண்டும் என்றாவது, அப்பணி ஒரு தொழிலாகும் என்றாவது எண்ணினார் மிகச் சிலரே. சென்ற நூறாண்டுகளுக்குள் அவ்வெண்ணம் மாறி வந்த வரலாற்றையும், அத்தொழிலுக்கு உரியவரை ஆக்கும் பயிற்சியின் இயல்பையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்நலப் பணியாவது யாது? நோய் கண்டபின் அதனைத் தீர்ப்பது வைத்தியர் தொழில். நோய் வாராமற் காத்தலும், வந்ததை முளையிலே கண்டறிதலும், வைத்தியரிடம் சேர்ப்பித்தலும், சேர்ப்பித்தபின் மருந்தை ஒழுங்காக உட்கொள்ளச் செய்தலும், மனம் சோர்ந்தவர்க்குத் துணையாயிருத்தலும் ஊர்நலப் பணியாம். இது ஆஸ்பத்திரியின் வாயிலிலே தொடங்குவதன்று. வீட்டின் வாயிலிலே தொடங்குவது.

நம் தேயத்தில் 1946 ஆம் ஆண்டில் ஸர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழுவினர், நோய் தடுப்பும் சிகிச்சையும் பிரியாமல் ஒருங்கே நிகழ வேண்டுமென்றும், டாக்டராகப் பயில்வோர்க்கும் சமூக சுகாதாரத்தில் மூன்று மாதப் பயிற்சி வேண்டுமென்றும் எடுத்துரைத்தனர். சீன தேசத்தில் 1968 முதல் வெறுங்கால் வைத்தியர் என்னும் பெயரால் உழவர் மக்களே சில மாதப் பயிற்சி பெற்றுத் தம் ஊர்களிற் பணிபுரிந்தனர். 1978 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஆல்மா ஆட்டா நகரிற் கூடிய மகாநாட்டில், ஆரம்ப சுகாதாரம் எல்லார்க்கும் எட்டவேண்டும் என்றும், அதற்கு ஊர்ப் பணியாளரும் வேண்டப்படுவர் என்றும் 134 தேசத்துப் பிரதிநிதிகள் ஒப்புக்கொண்டனர்.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழும். அரைகுறைக் கல்வி கல்லாமையினும் கொடிது அன்றோ? ஆறாண்டு பயின்ற வைத்தியரே தடுமாறும் இடங்களில், ஆறு வாரம் பயின்ற ஒருத்தியை நம்பி ஓர் உயிரை ஒப்படைக்கலாமோ? இக்கேள்வி எளிதாகத் தள்ளத் தக்கதன்று. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னே நின்று விடை கூறவேண்டிய கேள்வி இது. ஆதலின் வாதத்தால் அன்றி, நிகழ்ந்தவற்றைக் கொண்டே விடை காண முயல்வோம்.

1. ஆளைத் தெரிதல்

மகாராஷ்டிர தேசத்தில் ஜாம்கேட் என்பது மழை குன்றிய ஒரு வறிய பகுதி. வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியிற் பயின்ற ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே என்னும் டாக்டர் தம்பதிகள் 1970 ஆம் ஆண்டில் அங்கே தம் பணியைத் தொடங்கினர். முதலில் முறைப்படி பயின்ற தாதிமாரையே கிராமங்களுக்கு அனுப்பினர். நகரத்திலிருந்து வந்த அம்மங்கையர்க்குக் கிராமத்திலே தனித்துறைதல் அரிதாயிற்று; கிராமத்தார்க்கும் அவர் சொல் செவி புகவில்லை. பின்னரே அவ்வவ்வூரார் தேர்ந்தெடுத்த அவ்வவ்வூர்ப் பெண்மணிகளைப் பயிற்றுவிக்கும் வழி பிறந்தது. வந்தவருட் பலர் எழுத்தறியாதவர். தாழ்த்தப்பட்ட வகுப்பினரும் அவருள் இருந்தனர்.

அவர் வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து, ஒருங்கே உண்டு, ஒருங்கே உறங்கிப் பயின்றனர். எல்லாரும் ஒன்றாகப் போர்த்திக்கொள்ளும்படி பெரிய போர்வையொன்று தைக்கப்பட்டது என்பர். சாதிப் பிரிவைக் குறித்து எத்தனை சொற்பொழிவு ஆற்றினும் அவ்வொரு போர்வை செய்த வேலையைச் செய்ய இயலாது. ஏனெனில், அயல் தெருவில் கால் வைக்க அஞ்சும் பணியாளரால் அத்தெருக் குழந்தைக்கு யாது பயன்? மேலும் அப்பயிற்சிக்கு முடிவு நாள் குறிக்கப்படவில்லை. வாரமெல்லாம் ஊரிற் கண்டதை வார இறுதியிற் சொல்லி, ஐயம் தீர்ந்து, புதியதொன்று கற்று மீள்வதே அதன் முறை. 1971 இல் பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 176 ஓராண்டு நிரம்புமுன் இறந்த அவ்வட்டாரத்தில், அந்நூற்றாண்டு முடியுமுன் அத்தொகை 30க்கும் கீழே இறங்கிற்று. உணவு, குடிநீர், பெண்மக்கள் நிலை ஆகியவற்றின் முன்னேற்றமும் இதற்குக் காரணமாகும். அவற்றுக்கும் அப்பெண்மணிகளே முன்னின்றனர்.

இதனாற் பெறப்படும் பாடம்: பயிற்சியின் முதற் பகுதி பாடசாலையில் அன்று, ஆளைத் தெரிவதிலேயே நிகழ்கின்றது.

2. அளந்தறிதல்

அதே மகாராஷ்டிரத்தின் கிழக்கு எல்லையிற் காடு சூழ்ந்த கட்சிரோலி என்னும் மாவட்டம் உளது. அபய் பங், ராணி பங் என்னும் டாக்டர் தம்பதிகள் அங்கே சிசு மரணத்தின் காரணங்களை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தனர். நுரையீரற் சுரமே பெரியதொரு காரணம் எனக் கண்டனர். அந்நோயை அறிய ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணினாலே பெரும்பாலும் போதும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவாயின் 60, ஓராண்டுக்கு உட்பட்டதாயின் 50, அதன்மேல் ஐந்தாண்டு வரையாயின் 40 என்னும் எண்ணை மூச்சு எட்டினால் அது விரைந்த மூச்சாகும். ஆனால் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாத மருத்துவச்சி அறுபது எண்ணுவது எங்ஙனம்? அதற்கென மணிகள் கோத்த ஒரு கருவியையும், ஒரு நிமிஷம் காட்டும் மணல் வட்டிலையும் அவர்கள் அமைத்தனர். பத்து மூச்சு எண்ணியதும் ஒரு மணியைத் தள்ளவேண்டும். மணல் முழுதும் வீழ்வதற்குள் குறித்த மணி தள்ளப்பட்டால் நோய் உண்டு என்பது தெளிவு. கல்லாமை என்று நாம் சொல்வது பல வேளைகளிற் கருவியின்மையே என்பது இதனால் விளங்கும்.

பின்னர் அவர்கள் பிறந்த முதல் மாதத்தில் இறக்கும் சிசுக்களைக் காக்க முற்பட்டனர். 39 ஊர்களிற் பெண்மணிகள் பயிற்றுவிக்கப்பட்டனர். குழந்தையைக் கதகதப்பாக வைத்தல், எடை பார்த்தல், மூச்சுத் திணறலைப் போக்குதல், இரத்தத்தில் நஞ்சு கலந்தமையின் அடையாளங்களைக் காணுதல், பெற்றோர் ஆஸ்பத்திரிக்குச் செல்ல இசையாவிடத்து ஜென்டாமைசின் ஊசி போடுதல் ஆகியவற்றை அவர் கற்றனர். அப்பயிற்சி நிகழாத 47 ஊர்களோடு ஒப்பிடுகையில், மூன்றாம் ஆண்டில் முதல் மாத மரணம் 62 சதவிகிதம் குறைந்தது. 1999 இல் லான்ஸெட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் இம்முடிவு வெளிவந்தது. மேலே எழுப்பிய ஆட்சேபத்துக்கு இதனினும் தெளிவான விடை வேறு வேண்டுவதில்லை. எனினும் ஒன்றைக் கருத வேண்டும். அவர் கற்றவை சிலவே. அச்சிலவற்றைப் பிழையறக் கற்றனர். மூச்செண்ணுங்கால் குழந்தை அழாமலும் பாலருந்தாமலும் இருத்தல் வேண்டும். முழு நிமிஷமும் எண்ணுதல் வேண்டும். அரை நிமிஷம் எண்ணி இரட்டிப்பது ஆகாது. சிறு கல்வி வேறு, அரைகுறைக் கல்வி வேறு. முன்னது எல்லை குறுகியது. பின்னது எல்லை தெரியாதது.

3. கற்பித்தல்

1971 ஆம் ஆண்டு வங்க தேசத்து யுத்தத்தால் எல்லை கடந்து வந்த அகதிகளிடையே வாந்திபேதி மூண்டது. போன்காவ் என்னும் ஊரில் இரத்தக் குழாய் வழியாகச் செலுத்தும் உப்பு நீர் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பார் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை உறவினர் கையாலேயே நோயாளிக்குப் புகட்டுவித்தார். 100க்கு 30 ஆக இருந்த மரணம் 3.6 ஆகக் குறைந்தது. உப்புத் தனித்துச் சென்றால் நோயுற்ற குடல் அதனை எளிதில் ஏற்காது. சர்க்கரையோடு சேர்ந்து சென்றால் ஏற்கும். உப்பைப் பின்தொடர்ந்து நீரும் செல்லும். இதுவே அம்மருந்தின் தத்துவம்.

தத்துவம் கண்டாயிற்று, அதனைக் கோடிக்கணக்கான தாய்மார்க்கு அறிவிப்பது எங்ஙனம்? வங்க தேசத்தில் ஃபஸ்லே ஹஸன் அபேத் தோற்றுவித்த பிராக் என்னும் ஸ்தாபனம் 1980 முதல் பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட இல்லங்களுக்குப் பெண் பணியாளரை அனுப்பிற்று. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்பதே பாடம். பணியாளர் சொன்னால் மட்டும் போதாது. தாயும் தன் கையாற் செய்து காட்டவேண்டும். சில வாரம் கழித்து வேறொருவர் சென்று தாயைக் கேட்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருந்ததோ அதற்கேற்பவே பணியாளர்க்கு ஊதியம். கற்பித்தவரின் பேச்சுத் திறம் அளக்கப்படவில்லை. கற்றவரின் நினைவே அளக்கப்பட்டது. நம் கல்லூரி ஆசிரியர்களுக்கு இம்முறை அமலாயின் எங்ஙனமிருக்கும் என்று மாணவர் சிலர் புன்முறுவல் பூக்கலாம்.

தொடக்கத்தில் ஒரு தடை நேர்ந்தது. தாய்மார் பாடத்தை ஒப்பித்தனர். ஆனால் பிள்ளைக்குப் புகட்டினார் சிலரே. ஆராய்ந்தபோது, கற்பித்த பணியாளரே தமக்குப் பேதி கண்டால் அந்நீரை அருந்தவில்லை என்பது தெரிந்தது. தாம் நம்பாததைப் பிறர் நம்பச் செய்தல் யாருக்கும் இயலாது. அவர்களுக்கு அதன் தத்துவத்தை விளக்கிக் காட்டியதோடு, ஆடவரையும் சந்தையிலும் தொழுகைக் கூடத்திலும் கண்டு பேசிய பின்னரே பழக்கம் பரவிற்று.

4. செவிமடுத்தல்

உடல் நோய்க்கு இவை பொருந்தும். மன நோய்க்கும் பொருந்துமோ? ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே தேசத்தில் டிக்சன் சிபாண்டா என்னும் மனநோய் வைத்தியர், தேசம் முழுமைக்கும் விரல்விட்டு எண்ணத்தக்க வைத்தியரே இருந்த காலத்தில், 2006 ஆம் ஆண்டு ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் ஒரு முயற்சி தொடங்கினார். அவருக்குக் கிடைத்தவர் 14 பாட்டிமார். உட்கார அறையும் இல்லை. ஆதலின் சிகிச்சைச் சாலையின் வெளியே ஒரு மர விசுப்பலகை இடப்பட்டது. மனநோய்ப் பலகை என்று முதலிற் பெயரிட்டபோது எவரும் வந்து அமரத் துணியவில்லை. நட்புப் பலகை என்று மாற்றும்படி அப்பாட்டிமாரே சொல்லினர்.

மனச்சோர்வைக் குறிக்க அம்மக்கள் மொழியில் வழங்கும் சொல்லுக்கு அளவு கடந்து நினைத்தல் என்பது பொருள். ‘ஒரே யோசனையாய் இருக்கிறது, மனசு சரியில்லை’ என்று நம் ஊர்ப் பெண்டிர் சொல்வதும் அதுவேயன்றோ? பணியாளர் பதினான்கு எளிய வினாக்களைக் கேட்டு நோயின் அளவை அறிவர். பின்பு, மனத்தைத் திறத்தல், எழச் செய்தல், உறுதிப்படுத்தல் என்னும் மூன்று படிகளில், வந்தவரே தம் இடர்களை வரிசைப்படுத்தி, ஒன்றைத் தேர்ந்து, தீர்க்கும் வழியைத் தாமே காணும்படி துணைநிற்பர். புத்திமதி பொழிதல் விலக்கப்பட்டது. 24 சிகிச்சைச் சாலைகளில் 573 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2016 இல் வெளியாயிற்று. ஆறு மாதம் கழித்து, பலகையில் அமர்ந்தவரின் நோய்க்குறி எண் சராசரி 3.81 ஆகவும், வழக்கமான சிகிச்சை பெற்றவரின் எண் 8.90 ஆகவும் இருந்தன.

பேசக் கற்பிக்கும் பாடசாலைகள் உலகிற் பல. வாய் அடக்கிக் கேட்கக் கற்பிப்பன சில. ஊர்நலப் பயிற்சியில் இதுவே மிகக் கடினமான பாடம் என்று கருதுகின்றோம்.

5. எல்லையறிதல்

பயிற்சியின் முடிமணி யாதெனின், தன் எல்லையை அறிதலாம். கருவுற்றவளின் இரத்த அழுத்தத்தைப் பார்க்கப் பழகுபவர், ஐந்து நிமிஷம் அமர்ந்திருக்கச் செய்து, பேச்சு இன்றி, கைப்பட்டை இருதய மட்டத்தில் இருக்கும்படி அளக்கக் கற்றல் வேண்டும். 140க்கு 90 என்னும் அளவு எச்சரிக்கை. 160க்கு 110 என்பது காலதாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டிய அபாயம். அவ்வேளையில் வீட்டு மருந்து சொல்பவர் அன்பராயினும் பகைவரே ஆவர். தற்கொலை எண்ணம் உண்டு என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னாலும் அவ்வாறே. அவரைத் தனியே விடாமல் மேற்பார்வையாளரிடமும் வைத்தியரிடமும் சேர்ப்பித்தல் கடன். இஃதன்றி, ஒரு வீட்டிற் கேட்டதை மறு வீட்டிற் சொல்லாமையும் இவ்வெல்லையுள் அடங்கும். ஊர்ப் பணியாளரின் மூலதனம் நம்பிக்கை ஒன்றே. அஃது ஒரு சொல்லால் அழியும்.

நம் நாட்டு ஏற்பாடுகள்

2005 ஆம் ஆண்டு ஏப்ரல் 12 இல் தொடங்கிய தேசிய கிராமிய சுகாதார இயக்கத்தின்கீழ், ஆயிரம் பேருக்கு ஒருவர் என்னும் கணக்கில் ஆஷா என்னும் பெண் பணியாளர் நியமிக்கப்பட்டனர். அவ்வூரிலேயே வாழ்பவராகவும், 25 முதல் 45 வயதினராகவும் இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஐந்து பகுதியாக 23 நாட் பயிற்சி முதலில் வகுக்கப்பட்டது. கட்சிரோலியிற் கண்ட முறை 2011 முதல் தேசமெங்கும் தழுவப்பட்டு, ஆஸ்பத்திரியிற் பிறந்த சிசுவை 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாட்களில் வீட்டிற் சென்று காணுதல் அவர் கடமையாயிற்று.

தமிழ்நாட்டிலோ கிராம சுகாதாரச் செவிலியரே இப்பணியின் அச்சாணி. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது கணக்கு. 2021 ஆகஸ்ட் 5 இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், சுய உதவிக் குழுக்களைச் சார்ந்த மகளிர் பயிற்சி பெற்று, இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையாரைக் கண்டறிந்து அவர்க்கு வீட்டிலேயே மாத்திரை சேர்க்கும் பணியை ஏற்றனர்.

பட்டம் பெற்றோர்க்கும் இத்துறையில் இடமுண்டு. செவிலியர் பட்டமோ டிப்ளமாவோ பெற்றவர் ஆறு மாதச் சிறப்புப் பயிற்சியின்பின் சமுதாய சுகாதார அலுவலர் ஆகலாம். 2018 முதல் இவ்வழி திறந்துளது. எந்தப் பட்டதாரியும் சமூகப் பணிக் கல்வியில் இரண்டாண்டு பயின்று, பணியாளரைப் பயிற்றுவிப்பவராகவும் மேற்பார்வையாளராகவும் அமையலாம். சென்னையில் 1952 முதல் சமூகப் பணிக் கல்லூரியும், காந்திகிராமத்தில் 1964 முதல் கிராமிய சுகாதாரப் பயிற்சி நிலையமும் உள்ளன.

கண்டிக்கத் தக்க குறை

இவ்வளவும் புகழ்ந்த நாம் ஒரு குறையை மறைத்தல் முறையன்று. 2022 இல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவின் ஆஷாப் பணியாளர் அனைவரையும் உலகச் சுகாதாரத் தலைவர்க்குரிய விருதளித்துப் பாராட்டிற்று. ஆயின் அவர் ஊழியர் என்று அல்ல, தொண்டர் என்றே ஏட்டில் எழுதப்பட்டனர். மேற்கூறிய ஆறு வருகைகளையும் முடித்தவர்க்கு 250 ரூபாய் என்று வகுக்கப்பட்டமை, அத்தொண்டின் விலையை நாம் எங்ஙனம் மதித்தோம் என்பதைக் காட்டும். சிறு கல்வி உடையாரை நம்பலாம் என்று நிறுவினோம். அதிலிருந்து, சிறு கூலி கொடுத்தாற் போதும் என்பது பெறப்படாது. ஜாம்கேட்டிலும் கட்சிரோலியிலும் வெற்றி தந்தது மலிவு அன்று. இடையறாத பயிற்சியும், பக்கத்தே நின்ற மேற்பார்வையும், அழைத்தவுடன் கதவு திறந்த ஆஸ்பத்திரியுமே ஆம். இம்மூன்றும் இன்றிப் பணியாளரை மட்டும் அனுப்புதல், நூலேணியின் மேல்முனையைக் கட்டாமல் ஏறச் சொல்வதை ஒக்கும்.

மாணவர்க்குச் சில சொற்கள்

இத்துறையை நாடும் மாணவ நண்பர்கள் இப்பொழுதே செய்யத்தக்கவை சில. ஒரு தெருவைத் தேர்ந்து, அங்குள்ள வீடுகள், குடிநீர் வரும் வழி, ஐந்தாண்டுக்கு உட்பட்ட குழந்தைகள், தனித்து வாழும் முதியோர் ஆகியோரைக் குறித்தொரு படம் வரைந்து பழகுக. ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கும் முறையை ஒருவர்க்குக் கற்பித்து, பதினைந்து நாள் கழித்து அவரையே செய்து காட்டச் சொல்லுக. அவர் மறந்திருப்பின் பிழை அவருடையதன்று. வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஒருவர் சொல்வதைக் குறுக்கிடாமற் கேட்டுப் பார்க்க. தம் பேட்டையிலே பணிபுரியும் செவிலியரோடு ஒருநாள் நடந்து, அவர் எத்தனை படி ஏறி இறங்குகின்றார் என்பதைக் கண்டறிக.

இத்தொழிலில் வெற்றி பெற்றவர்க்குக் காட்டுதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இராது. வாராத பேதியையும், வராத சுரத்தையும், நிகழாத மரணத்தையும் எவர் கண்டு போற்றுவர்? ஆயினும் நாற்பத்திரண்டாம் நாள் கழிந்து தொட்டிலிற் கிடக்கும் குழந்தை ஒவ்வொன்றும், பெயரற்ற அந்த நான்காமவனுக்கு ஒரு சான்றாகும். அவனுக்குப் பயிற்சி அளிப்பதும், பெயர் அளிப்பதும், உரிய ஊதியம் அளிப்பதும் கற்றோர் கடன் என்பது எம் துணிபு.